ஐபிஎஸ் (IBS, எரிச்சல் குடல் நோய்): எந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

தூறல்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்து யாராவது வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

எனக்கு ஐபிஎஸ் என்று சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. வயிற்றுப்போக்கு வகை. காலையில் எழுந்ததுமே அடிவயிற்றைப் பிசையும், இரண்டு மூன்று முறை போய் வந்த பிறகுதான் வீட்டை விட்டுக் கிளம்பவே முடியும். சாயங்காலம் ஆனால் வயிறு உப்பி, இடுப்பில் துணி இறுக்க ஆரம்பித்துவிடும். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், கூடவே "ஒத்துக்கொள்ளாததைச் சாப்பிடாதீர்கள்" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குத் தெரியவே இல்லை.

எட்டு மாதமாக ஒரு நோட்டு போட்டு எழுதிக்கொண்டு வருகிறேன். மூன்று நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு பக்கத்தை அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"செவ்வாய். காலை 8: ரொட்டி, முட்டை, காபி. மதியம் 1: சோறு, பருப்பு, கேரட். 4 மணி: ஆப்பிள் ஒன்று. இரவு 8: காய்கறி சூப். 8.20: வயிற்று வலி, ஓடினேன். சூப்தான் காரணம்."

சூப்பைச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். அதே வாரம் வெள்ளிக்கிழமை அதே சூப், அதே கிண்ணம், ஒன்றுமே ஆகவில்லை. இப்படியே எல்லாப் பக்கமும். ஒருநாள் ஒத்துக்கொண்டது மறுநாள் ஒத்துக்கொள்வதில்லை. வட்டம் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்ததில் இப்போது பால், கோதுமை, முட்டை, உருளைக்கிழங்கு, தக்காளி, பருப்பு, காபி, சர்க்கரை, மிளகாய் எதுவும் கிடையாது. வெங்காயம் பூண்டை விட்டு நான்கு மாதம் ஆகிறது, சூப்பில் கிடந்தால்கூட ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவேன். சர்க்கரைக்குப் பதில் தேன். எடை 6 கிலோ குறைந்திருக்கிறது. இவ்வளவு விட்ட பிறகும் வயிறு அப்படியேதான் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் சாப்பிட உட்காரவே பயமாக இருக்கிறது. இன்னும் எதை விட வேண்டும்? நீங்கள் எல்லாரும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

நடைவண்டி:

சகோ, எனக்கு இது பதினோராவது வருடம். உங்கள் நோட்டைப் படித்ததும் என்னுடைய முதல் வருட நோட்டைப் படித்த மாதிரியே இருந்தது, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 8.20. சாப்பிட்டு இருபது நிமிடத்தில் வயிறு கலக்கினால் கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று எல்லாருக்கும் தோன்றும். ஆனால் அந்த சூப் அப்போது உங்கள் பெருங்குடலை எட்டியிருக்கவே வாய்ப்பில்லை. இரைப்பை நிறைந்ததும் பெருங்குடலுக்கு "இடம் காலி செய்" என்று ஒரு சமிக்ஞை போகும், இது எல்லா மனிதர்களுக்கும் உள்ளதுதான். நமக்கு அந்தச் சமிக்ஞை கொஞ்சம் பலமாகப் போகிறது. அதனால் ஏற்கெனவே பெருங்குடலில் வாயுவும் தண்ணீருமாக நிறைந்து கிடந்தது அப்போது வெளியே வரத் துடிக்கிறது. அங்கே என்ன கிடந்தது என்று பார்க்க வேண்டுமென்றால் மதியத்துப் பருப்பையும் நான்கு மணி ஆப்பிளையும், ஏன், காலை ரொட்டியையும்கூடப் பார்க்க வேண்டும். சிறுகுடல் முழுவதையும் கடந்து ஒரு உணவு பெருங்குடலுக்கு வர எப்படியும் சில மணி நேரம் ஆகும். அங்கேதான் நொதித்து வாயுவாகிறது. எனக்குப் பூண்டு சாப்பிட்டால் ஏழெட்டு மணி நேரம் கழித்துத்தான் தெரியும், இரவு சாப்பிட்டால் மறுநாள் காலை. அந்தக் காலையில் நான் குடித்த பாவப்பட்ட காபியை இரண்டு வருடம் குற்றவாளி ஆக்கி வைத்திருந்தேன்.

(காபியும் சிலருக்குப் பெருங்குடலைத் தட்டி எழுப்பும், காஃபின் நீக்கியதுகூட. கொழுப்பு அதிகமான சாப்பாடும் அந்தச் சமிக்ஞையைப் பலமாக்கும். அதனால் உடனே வரும் தொந்தரவுக்குச் சாப்பாட்டின் அளவு, எண்ணெய், காபி, மிளகாய்க் காரம் இவற்றைப் பாருங்கள். மெதுவாக வரும் உப்புசத்துக்கு முந்தைய வேளைகளைப் பாருங்கள். இரண்டையும் ஒரே வட்டத்துக்குள் போடாதீர்கள்.)

அடுத்தது அந்த வெங்காயத் துண்டுகள். இதை நீங்கள் எழுதியதைப் படித்தபோது உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்துவிட்டேன். வெங்காயத்திலும் பூண்டிலும் நம்மைப் படுத்துவது ஃப்ரக்டான் என்ற ஒருவகைச் சர்க்கரைச் சத்து. அது தண்ணீரில் கரையும். சூப்பில் அரை மணி நேரம் வெந்த வெங்காயத்தின் ஃப்ரக்டான் அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டிருக்கும், நீங்கள் பொறுக்கி ஓரத்தில் வைத்தது சக்கையைத்தான். நோட்டில் "வெங்காயம் இல்லை" என்று எழுதியிருப்பீர்கள், வயிற்றுக்குள் வெங்காயம் போயிருக்கும். அப்புறம் எப்படி நோட்டு ஒரு பதிலைச் சொல்லும்?

இதிலேயே ஒரு நல்ல சேதியும் உண்டு. ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. பூண்டை நறுக்காமல் முழுசாக எண்ணெயில் போட்டு, மெல்லிய தீயில் வாசம் இறங்கும்வரை வைத்து, பூண்டை எடுத்துவிட்டு எண்ணெயை மட்டும் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், பூண்டு ஊறிய எண்ணெயை நாள்கணக்கில் வெளியே வைத்திருப்பது ஆபத்து. வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது, வெள்ளைப் பகுதிதான் பிரச்சினை.

கீழ்வானம்:

தோழி, நானும் இப்படித்தான் ஒரு வருடம் அலைந்தேன். கடைசியில் ரத்தம் எடுத்து ஒரே நேரத்தில் இருநூறு உணவுக்கு ஐஜிஜி (ரத்தத்தில் உருவாகும் ஒரு எதிர்ப்பொருள்) பார்க்கும் பரிசோதனை செய்தேன், முப்பத்திரண்டு பொருள் சிவப்பில் வந்தது, எல்லாவற்றையும் விட்டேன். முக்கியமாகக் கோதுமையை, அதாவது குளூட்டனை விட்டதும் பாதி சரியாகிவிட்டது. நோட்டு எழுதி மண்டையை உடைத்துக்கொள்வதற்கு இது எவ்வளவோ மேல். யோசித்துப் பாருங்கள்.

உப்புக்கல்:

நான் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். வயிற்றுக் கோளாறு உள்ளவர்களோடுதான் பெரும்பாலான நேரம் போகிறது. உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பொதுவாகச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

தூறல், எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த 6 கிலோ. இவ்வளவு உணவை விட்டதால் குறைந்திருக்கலாம், ஆனால் அப்படித்தான் என்று நீங்களே முடிவு செய்துவிடக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ சீலியாக்கோ (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) இருப்பது, வயது ஐம்பதை ஒட்டி முதல்முறையாக இந்தத் தொந்தரவு தொடங்குவது: இதில் ஒன்று இருந்தாலும் உணவு ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். எடையை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மலத்தில் கால்புரோடெக்டின் பார்த்தார்களா என்று கேளுங்கள், குடலில் அழற்சி இருக்கிறதா என்று அது காட்டிக்கொடுக்கும்.

சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்தார்களா? கோதுமையை விடுவதற்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டும். சில மாதம் கோதுமை சாப்பிடாமல் இருந்துவிட்டுச் செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வந்துவிடக்கூடும். செய்யவில்லை என்றால் மறுபடி எவ்வளவு நாள் கோதுமை சாப்பிட்ட பிறகு பார்ப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கீழ்வானம், உங்களுக்குக் குறைந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அந்தப் பரிசோதனையை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐஜிஜி என்பது ஒரு உணவை நாம் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதன் அடையாளம், அது ஒத்துக்கொள்ளவில்லை என்பதன் அடையாளம் இல்லை. அதனால்தான் அடிக்கடி சாப்பிடுவதெல்லாம் சிவப்பில் வருகிறது. ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் பலவும் இதற்காக அதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. நீங்கள் குளூட்டனை விட்டுக் குணம் கண்டதற்கு வேறு காரணம் இருக்கலாம். குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள புரதம். கோதுமையை விடும்போது அதிலுள்ள ஃப்ரக்டானும் சேர்ந்தே போய்விடுகிறது. நார்வேயில் ஒரு ஆய்வு நடந்தது, 2018இல் வெளிவந்தது. சீலியாக் இல்லாமல், குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களே விட்டிருந்த 59 பேருக்கு, எது எதில் இருக்கிறது என்று சொல்லாமல் குளூட்டன் கலந்தது, ஃப்ரக்டான் கலந்தது, இரண்டும் இல்லாதது என்று மூன்று வகைத் தின்பண்டத்தை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். தொந்தரவு அதிகமாக இருந்தது ஃப்ரக்டான் வாரத்தில்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடைவண்டி சொன்ன ஃப்ரக்டான் ஒரு பெரிய குடும்பத்தில் ஒரு பிள்ளை. அந்தக் குடும்பத்துக்குத்தான் ஃபாட்மேப் என்று பெயர், ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இதில் நிறைய வேலை நடந்திருக்கிறது, எந்த உணவில் எவ்வளவு என்று அளந்து ஒரு செயலியும் வைத்திருக்கிறார்கள். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல், தண்ணீரை இழுத்துக்கொண்டு, பெருங்குடலில் போய் நொதிக்கும் சர்க்கரைகள் இவை. கோதுமை, வெங்காயம், பூண்டில் ஃப்ரக்டான். பருப்பு, பயறு, கொண்டைக்கடலையில் இன்னொன்று. பாலில் லாக்டோஸ். தேன், மாம்பழம், ஆப்பிளில் கூடுதலாக உள்ள ஃப்ரக்டோஸ். ஆப்பிள், பேரிக்காய், காளான், அப்புறம் சர்க்கரை இல்லாத மிட்டாய்களில் சார்பிட்டால், மானிட்டால் வகை.

இந்தப் பட்டியலோடு உங்கள் பட்டியலை வைத்துப் பாருங்கள். முட்டையில் இந்தச் சர்க்கரைகள் எதுவுமே கிடையாது. உருளைக்கிழங்கு பெரும்பாலானவர்களுக்கு ஒத்துப்போகும். அவற்றை விட்டிருக்கிறீர்கள். சாதாரண சர்க்கரையை விட்டுவிட்டுத் தேனுக்குப் போயிருக்கிறீர்கள், தேனில்தான் ஃப்ரக்டோஸ் அதிகம். சர்க்கரையில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சரிபாதி இருப்பதால் அளவாகச் சேர்த்தால் உறிஞ்சப்பட்டுவிடும். ஆப்பிளை விட்டதாக எழுதவே இல்லை, அதில் இரண்டு வகையும் சேர்ந்தே இருக்கிறது.

அதே உணவு ஒருநாள் ஒத்துக்கொண்டு இன்னொரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு முக்கியமான காரணம் அளவு. ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்ளளவு இருக்கிறது. ரொட்டி கொஞ்சம், பருப்பு கொஞ்சம், ஆப்பிள் ஒன்று, சூப்பில் இறங்கிய வெங்காயம் கொஞ்சம், தனித்தனியாக எதுவும் உங்களைப் படுத்தாமல் இருக்கலாம், ஒரே நாளில் சேரும்போது வழிந்துவிடும். வெள்ளிக்கிழமை அதே சூப் சாப்பிட்டதற்கு முன்னால் மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று நோட்டைப் பாருங்களேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது கேட்பவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சர்க்கரைகளைக் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, ஐபிஎஸ் இல்லாதவர்களின் குடலிலும் ஏறக்குறைய அதே அளவு வாயுவும் தண்ணீரும் சேர்ந்திருந்தது. அவர்களுக்கு அது வலிக்கவில்லை, அவ்வளவுதான். நம் குடலின் நரம்புகள் அதே விரிவை வலியாக உணர்கின்றன. ஆகவே வெங்காயம் உங்களுக்கு விஷமும் இல்லை, உங்கள் குடலைப் புண்ணாக்கவும் இல்லை. தெரியாமல் கொஞ்சம் உள்ளே போய்விட்டால் ஒருநாள் அவதி, அதோடு முடிந்தது.

கீழ்வானம்:

நன்றிங்க. கொடுத்த காசை விடுங்கள், முப்பத்திரண்டு பொருளை இரண்டு வருடமாகத் தொடாமல் இருக்கிறேன், அதை நினைத்தால்தான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதில் முட்டையும் உண்டு. நாளைக்கே ஒன்று சாப்பிட்டுப் பார்க்கிறேன்.

தூறல்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ரத்தம் இல்லை, இரவில் எழுந்ததும் இல்லை, வீட்டில் யாருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. சீலியாக் பரிசோதனை ஆரம்பத்திலேயே, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே செய்தார்கள், இல்லை என்று வந்தது. எடையைப் பற்றி அடுத்த வாரம் டாக்டரிடம் பேச நேரம் வாங்கிவிட்டேன்.

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை மதியம் சோறும் மீனும், ஆப்பிளும் இல்லை பருப்பும் இல்லை. ஒரு மணி நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயம், இதை நோட்டில் எழுதவே இல்லை, சாப்பாடு என்றே தோன்றவில்லை. காபியை விட்டதிலிருந்து வேலை நேரத்தில் தூக்கம் வராமல் இருக்க சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லுகிறேன், ஒரு நாளைக்கு ஆறு ஏழு. உறையை எடுத்துப் படித்தேன், முதல் பொருளே சார்பிட்டால். கீழே சின்ன எழுத்தில் "அதிகமாக உட்கொண்டால் பேதியாகலாம்" என்ற அர்த்தத்தில் ஒரு வரி.

இப்போது எங்கிருந்து தொடங்குவது? எல்லாவற்றையும் விட்டாயிற்று, திரும்பச் சேர்ப்பதற்குத்தான் பயமாக இருக்கிறது.

நடைவண்டி:

சூயிங்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள் சகோ. மற்றதைச் சொல்கிறேன், உப்புக்கல் அவர்கள் தவறு இருந்தால் திருத்தட்டும்.

நாம் செய்யும் பெரிய தப்பு, விடுவதை மட்டும் செய்கிறோம், திரும்பச் சேர்ப்பதைச் செய்வதில்லை. கண்டுபிடிப்பது நடப்பதே திரும்பச் சேர்க்கும்போதுதான். விடுவது வயிற்றை ஒரு அமைதிக்குக் கொண்டு வருவதற்கு மட்டும், இரண்டிலிருந்து ஆறு வாரம் போதும். சூப் தண்ணீர், தேன், ஆப்பிள், சூயிங்கம் எல்லாம் நின்று, முட்டையும் உருளைக்கிழங்கும் சோறும் கேரட்டும் திரும்ப வந்து, ஒழுங்காக நான்கு வாரம் இருந்து பாருங்கள். அந்த நான்கு வாரத்தில் கொஞ்சம்கூட வித்தியாசம் தெரியவில்லை என்றால் உங்கள் பிரச்சினை இந்தச் சர்க்கரைகள் இல்லை, அதை இழுத்துக்கொண்டே போகாதீர்கள். எல்லாருக்கும் இது வேலை செய்வதில்லை.

வித்தியாசம் தெரிந்தால் சோதனை. ஒரு நேரத்தில் ஒரே குடும்பம், அந்தக் குடும்பத்தை மட்டும் வைத்திருக்கும் ஒரு உணவு. பாலுக்கு நான் செய்தது: முதல் நாள் கால் கோப்பை, இரண்டாம் நாள் அரை, மூன்றாம் நாள் முழுக் கோப்பை. மற்ற சாப்பாடெல்லாம் அமைதியான நாட்களில் சாப்பிட்டதே. நடுவில் தொந்தரவு பலமாக வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், பதில் கிடைத்துவிட்டது. பிறகு இரண்டு மூன்று நாள் சும்மா விட்டு, வயிறு பழைய நிலைக்கு வந்ததும் அடுத்த குடும்பம். ஒத்துக்கொண்டதைக்கூட உடனே தினசரிச் சாப்பாட்டில் சேர்க்காதீர்கள், எல்லாச் சோதனையும் முடியட்டும், இல்லையென்றால் மறுபடி குழப்பம்தான்.

எனக்கு வந்த விடையைச் சொல்கிறேன், பட்டியலைப் பார்த்து பயப்படுபவர்களுக்கு உதவும். பால் அரை கோப்பைவரை ஒன்றும் இல்லை. கெட்டியான சீஸ், வெண்ணெய் எவ்வளவு சாப்பிட்டாலும் இந்தத் தொந்தரவு இல்லை, அவற்றில் லாக்டோஸ் மிகவும் குறைவு. தேன் ஒரு கரண்டி சரி. பருப்பை ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு அரைக் கிண்ணம் சரி. ரொட்டி இரண்டு துண்டு சரி, நான்கு துண்டென்றால் மாலையில் தெரியும். பூண்டு மட்டும் கால் பல்லிலேயே படுத்துவிட்டேன், ஐந்து வருடத்தில் மூன்று முறை திரும்பச் சோதித்தும் அதே கதி. பதினெட்டுப் பொருளை விட்டிருந்தவன் நான். இன்றைக்கு முழுசாக விட்டிருப்பது பூண்டு ஒன்றுதான், வெங்காயம் மிகக் குறைவாக.

நோட்டை இப்படி மாற்றுங்கள். என்ன சாப்பிட்டேன் என்பதோடு எவ்வளவு, எத்தனை மணிக்கு. தொந்தரவுக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஒரு மதிப்பெண். மலம் எப்படி இருந்தது என்பதற்கு பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, ஒன்று என்றால் கொட்டை கொட்டையாக இறுகியது, ஏழு என்றால் முழுக்கத் தண்ணீர், அந்த எண்ணை மட்டும் எழுதினால் போதும், எழுதக் கூச்சமாகவும் இருக்காது. சிவப்பு வட்டம் அன்றன்றைக்குப் போடாதீர்கள். இரண்டு வாரம் ஆனதும் உட்கார்ந்து மொத்தமாகப் படியுங்கள்.

இரவுப்பறவை:

நான் எதிர்ப்பக்கம், மலச்சிக்கல் வகை. சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு நன்றாகச் சொல்லிவிட்டார்கள், சாப்பாடு இல்லாததைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தோழி, நோட்டில் மாதவிலக்கு நாட்களையும் குறித்து வையுங்கள். எனக்கு மூன்று வருடம் புரியாத ஒன்று அதில்தான் புரிந்தது. மாதத்தில் மூன்று நாள் எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பும், வலிக்கும், சோற்றுக் கஞ்சி குடித்தாலும்தான். நிறையப் பெண்களுக்கு விலக்கை ஒட்டி ஐபிஎஸ் அதிகமாகிறது. அந்த நாட்களில் சோதனை வைத்தால் பாவம், எந்த உணவும் தேறாது. அதேபோல சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள், பெரிய பதற்றம் உள்ள வாரம், புதிதாக மாத்திரை எதாவது தொடங்கிய நாட்கள். மெக்னீசியம் உள்ள அமிலக் குறைப்பு மருந்துகூட வயிற்றை இளக்கிவிடும், சில இருமல் மருந்தில் சார்பிட்டால் இருக்கும். இவையெல்லாம் நோட்டில் ஓரமாக ஒரு சொல் எழுதினால் போதும்.

நீங்கள் ஒரு வேளையைத் தவிர்த்துவிட்டு அடுத்த வேளை நிறையச் சாப்பிடுகிறீர்களா? பயத்தில் நான் அப்படித்தான் இருந்தேன். பகல் முழுக்க வெறும் வயிறு, வீட்டுக்கு வந்ததும் பசி தாங்காமல் பெரிய சாப்பாடு. அந்த அளவுக்கே வயிறு கலங்கிவிடும், உள்ளே இருப்பது என்ன என்பது அப்புறம்தான். கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்கு, மென்று சாப்பிட ஆரம்பித்ததும் பாதி உப்புசம் குறைந்தது. எந்தப் பொருளையும் விடவில்லை.

நார்ச்சத்து என்று சொல்லி கோதுமைத் தவிட்டை அள்ளிப் போட வேண்டாம், எனக்கு அது வலியைத்தான் கூட்டியது. இசப்கோல் ஒத்துக்கொண்டது, அரைக் கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, மெல்ல மெல்லக் கூட்டினேன். போக்கு வகைக்கும் அதையே சொல்கிறார்கள், மலத்தைக் கொஞ்சம் கட்டும். "நார்ச்சத்து சேர்த்தது" என்று எழுதியிருக்கும் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், இனுலின் அல்லது சிக்கரி வேர் என்று இருந்தால் அதுவும் ஃப்ரக்டான்தான்.

கடைசியாக, சாப்பிட உட்காரப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. பயத்தோடு சாப்பிட்டால் அந்தப் பயமே குடலை இறுக்கும். எனக்கு ஒரு மனநல ஆலோசகர் உதவினார், ஆறேழு முறை போனேன். "எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்லி அனுப்புவது வேறு, அந்த வார்த்தையைக் கேட்டு நானும் அழுதிருக்கிறேன். இது அப்படி இல்லை. குடலுக்கும் மூளைக்கும் நடுவில் ஓடும் நரம்பு இரண்டு பக்கமும் சேதி கொண்டு போகிறது, அதில் ஒரு பக்கத்தை ஏன் விட வேண்டும்.

உப்புக்கல்:

நடைவண்டி சொன்ன முறையில் திருத்த ஒன்றும் இல்லை. இரண்டு சேர்க்கிறேன். விடும் கட்டத்தை ஆறு வாரத்துக்கு மேல் நீட்டக் கூடாது, ஏனென்றால் இந்தச் சர்க்கரைகள்தான் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவு, நீண்ட நாள் விட்டால் அவற்றில் சில வகைகள் குறைகின்றன, கால்சியமும் நார்ச்சத்தும் குறைகின்றன.

தூறல், உங்களுக்கு ஏற்கெனவே எடை குறைந்திருப்பதாலும் பயம் இருப்பதாலும் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். அருகில் ஒரு உணவியல் வல்லுநரைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். உங்கள் விஷயத்தில் நான் முதலில் பார்ப்பது வயிறு நிறையச் சாப்பிடுகிறீர்களா என்பதைத்தான், சோதனையெல்லாம் அதற்குப் பிறகு.

தூறல்:

பத்து வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் போனதற்கு மன்னித்துவிடுங்கள், முடிவு தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

டாக்டர் ரத்தமும் மலமும் பரிசோதித்தார், அழற்சி இல்லை, ரத்தசோகை லேசாக இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒரு உணவியல் நிபுணரைப் பார்க்கிறேன். அவர் முதல் இரண்டு வாரம் எதையும் விடச் சொல்லவில்லை. முட்டை, உருளைக்கிழங்கு, சோறு, மீன், கேரட், கீரை, கெட்டி சீஸ் என்று சேர்த்துக்கொண்டே போனார். சூயிங்கம், தேன், ஆப்பிள் மூன்றையும் மட்டும் நிறுத்தச் சொன்னார். சூப்பை வெங்காயம் இல்லாமல், பூண்டு எண்ணெயில் நானே வைத்துக்கொண்டேன், முதல் நாள் அந்த வாசம் வந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நான்கு மாதமாகச் சாப்பாட்டில் வாசமே இல்லாமல் இருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை ஒரே ஒரு முறை போய்விட்டுக் கிளம்பினேன். நோட்டில் பிரிஸ்டல் 4 என்று எழுதிவிட்டு, தேதிக்குக் கீழே கோடு போட்டேன்.

ஆறாவது வாரத்திலிருந்து சோதனை. பால் முழுக் கோப்பைவரை ஒன்றுமே இல்லை, எட்டு மாதம் அதைத் தொடாமல் இருந்திருக்கிறேன். தேன் ஒரு கரண்டி சரி, இரண்டென்றால் மாலையில் உப்புகிறது. ரொட்டி ஒரு துண்டு சரி, இரண்டும் சரி, மூன்றில் நிறுத்தினேன். வெங்காயம் ஒரு கரண்டி அளவிலேயே மறுநாள் காலை 7 மதிப்பெண் வலி, ஆனால் மதியத்துக்குள் அடங்கிவிட்டது. உப்புக்கல் அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது, ஒருநாள் அவதி, அவ்வளவுதான் என்று. அதனால் பழைய மாதிரி பதறவில்லை. எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது.

இரவுப்பறவை சொன்னபடி விலக்கு நாட்களைத் தள்ளி வைத்ததால் பருப்பு இன்னும் பாக்கி. திங்கட்கிழமை கால் கிண்ணத்தில் தொடங்குகிறேன். ஊறவைத்த தண்ணீரையும் வேகவைத்த தண்ணீரையும் இரண்டையுமே கொட்ட வேண்டுமா, நடைவண்டி அண்ணா?

நடைவண்டி:

இரண்டையும் கொட்டுங்கள். பருப்பில் உள்ளதும் தண்ணீரில் இறங்கும் வகைதான். முதல் நாள் கால் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று அன்றைக்கே அடுத்த கால் கிண்ணத்தை எடுக்காதீர்கள், மறுநாள் மதியம்வரை பொறுங்கள். செவ்வாய்க்கிழமை எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.